வெறும் கண்ணை நம்பிக் கெடும் இடங்கள்: தோல் புற்றுநோயைப் பரிசோதிக்கும்போது நேரும் தவறுகள்

தோல் புற்றுநோய் வெளியே தெரிகிற நோய்தானே, பார்த்தவுடன் சொல்லிவிடலாமே என்று நோயாளிகள் நினைக்கிறார்கள். அவசரத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இந்த நம்பிக்கையை எண்களில் சோதித்தது. நோயில்லாத 100 புள்ளிகளில் 80ஐச் சரியாக விலக்கும் நிலையில் வைத்துப் பார்த்தால், மெலனோமா, அதாவது தோலின் நிறமிச் செல்களில் எழும் புற்று உள்ள 100இல் வெறும் கண்ணுக்குச் சிக்கியவை 76. டெர்மாஸ்கோப் என்னும் கைக்கருவியால் பெரிதாக்கிப் பார்த்தபோது அது 92 ஆனது. அந்த ஆய்வுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைத் தோலினர். நம் ஊர்த் தோலில் கதை இன்னும் சிக்கலானது.

“நம் நிறத்துக்கு இந்த நோய் வராது” என்பதுதான் முதல் தவறு. அதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இத்தனை நாள் பிழைத்திருக்கிறது. கறுப்பு நிறமி வெயிலிலிருந்து காக்கிறது. ஆஸ்திரேலியாவோடு ஒப்பிட்டால் இங்கே தோல் புற்றுநோய் மிகக் குறைவு. ஆனால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும் மெலனோமாவுக்கு வெயில் முக்கியக் காரணமே அல்ல. நம் நிறத்தவருக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. தோல் மேலடுக்கின் அடிச்செல்களில் எழுந்து மூக்கோரம் வரும் பேசல் செல் புற்றும் பாடநூல் படத்தில் இருப்பதுபோல இளஞ்சிவப்பாக இருக்காது. கறுத்து மினுங்கும், மச்சம் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

மச்சத்தை எடைபோட 1985இல் வகுத்த விதி இன்றும் மருத்துவ மாணவர்களுக்கு மனப்பாடம்: இரு பாதியும் ஒத்திருக்கிறதா, ஓரம் ஒழுங்கா, நிறம் ஒன்றா பலவா, குறுக்களவு 6 மில்லிமீட்டரைத் தாண்டியதா. நல்ல விதிதான். ஆனால் அது மச்சத்துக்கான விதி. கால் ஆணிபோல் தடித்து நிற்கும் கட்டியிடமோ, நிறமே இல்லாத மெலனோமாவிடமோ அது தோற்றுப்போகும். நாள்பட மாறுகிறதா என்ற ஐந்தாவது கேள்வியைப் பின்னால், 2004இல் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

கால் ஆணி விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மஞ்சள் காட்டிலும் வாழைத் தோப்பிலும் வெறுங்காலோடு வேலை செய்கிறவர்களுக்கு முள் குத்துவது அன்றாடம். “வேலிமுள் குத்தியதுதான் சாமி, ஆணி விழுந்துவிட்டது” என்று பெரியவர் சொன்னதும் மருத்துவரின் மனம் அங்கேயே முடிச்சுப் போட்டுவிடுகிறது. காயம் பட்டது உண்மையாக இருக்கலாம். அதனால் புற்று இல்லை என்றாகிவிடாது. பாடகர் பாப் மார்லியின் கால்விரல் புண்ணைப் பந்து விளையாடிய காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1977இல் அது மெலனோமா என்று தெரிந்தது. 1981இல், 36 வயதில் இறந்தார்.

ஆணியா என்று பார்க்க எளிய வழி உண்டு. தடித்த தோலைப் பிளேடால் மெல்லச் சீவினால் ஆணியில் கண்ணாடிபோல் தெளிந்த கரு தெரியும். மருவாக இருந்தால் குண்டூசி முனை அளவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். இரண்டுமில்லாமல் கறுப்பு படர்ந்திருந்தாலோ, சதை சிவந்து கசிந்தாலோ ஆணி பிளாஸ்திரியை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்லாமல் செய்யும் தோல் பரிசோதனை பாதிப் பரிசோதனைகூட அல்ல.

நகத்திலும் இதே குழப்பம்தான். அடிபட்டுக் கட்டிய ரத்தம் நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும், அடியில் வெள்ளை இடைவெளி விழும். புற்றின் கோடு நகக்கண்ணிலிருந்தே கிளம்பி அங்கேயே நிற்கும், அகலமாகும், சில சமயம் பக்கத்துத் தோலுக்கும் கறுப்பு இறங்கும். நம்மவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கறுப்புக் கோடுகள் இருப்பது இயல்பு. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரே ஒரு நகத்தில், அதுவும் கட்டைவிரலில், புதிதாகக் கோடு வந்தால்தான் கவலை. மருதாணிச் சிவப்பு நகத்தில் மாதக்கணக்கில் நிற்கும். நகப்பூச்சு முழுதாகவே மறைத்துவிடும். பூச்சை அழித்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

தழும்பை மறப்பது இன்னொரு தவறு. கவுந்தப்பாடிப் பக்கம் சர்க்கரை ஆலைகளில் கொதிக்கும் பாகு பட்டு வெந்த தழும்பு, இருபது முப்பது ஆண்டு அமைதியாக இருந்துவிட்டு ஒரு நாள் வெடித்துப் புண்ணாகலாம். பழைய தழும்பில் எழும் இந்தப் புற்றுக்கு மார்ஜோலின் புண் என்று பெயர். ஆறாத சர்க்கரைப் புண்ணிலும், பாவாடை நாடா இறுக்கி இறுக்கிக் கறுத்துத் தடித்த இடுப்பிலும் இது வரலாம். வீட்டில் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டிருப்பார்கள். மஞ்சள் காய்ந்த புண்ணில் நிறம், ஓரம் எதுவும் தெரியாது. கழுவித் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஓரம் மேடிட்டு, தொட்டால் கெட்டியாக இருக்கிறதா என்று கையுறை போட்ட விரலால் தடவிப் பார்க்க வேண்டும். தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்; ஒரு நிமிட வேலை. நான்கு வாரம் ஆகியும் ஆறாத புண்ணுக்கு அடுத்த களிம்பு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அங்கே வேண்டியது சதைப் பரிசோதனை, அதாவது பயாப்சி. “கத்தி பட்டால் பரவிவிடும்” என்ற பயம் கொங்கு நாட்டில் படித்தவர் வீட்டிலும் இருக்கிறது. முறையாகச் செய்யும் பயாப்சியால் தோல் புற்று பரவுவதில்லை. தள்ளிப்போடும் மாதங்களில்தான் பரவுகிறது. எடுப்பதிலும் தவறு நேர்கிறது. புண்ணின் அழுகிய நடுவிலிருந்து எடுத்தால் செத்த சதைதான் வரும். ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். மெலனோமா சந்தேகம் என்றால் மேலோட்டமாகச் சீவக் கூடாது. எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு எல்லாமே முடிவாகும். ‘இல்லை’ என்று முடிவு வந்தும் புண் ஆறவில்லை என்றால் மறுபடி எடுக்கக் கேளுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கோபம் வருவது மருவை எரித்துத் தள்ளும் பழக்கத்தின் மேல். எருக்கம்பால், சுண்ணாம்பு, குதிரைமுடிக் கட்டு, இப்போது அழகு நிலையத்து மின்சூடு. வயதானவர்களின் முகத்திலும் முதுகிலும் வரும் கறுப்பு மருக்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை. எல்லாவற்றையும் வெட்டச் சொல்லவில்லை. சந்தேகமானதை எரித்துவிட்டால் சோதிக்க ஒன்றுமே மிஞ்சாது, அடியில் மட்டும் வளரும். பேரனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்பதும் அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, அதே வெளிச்சத்தில் மாதாமாதம் எடுத்துவைத்தால் வளர்கிறதா என்று காட்ட உதவும். நோயைத் தீர்மானிக்க உதவாது.

கோவை, பெருந்துறை, சேலம், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காட்டலாம். வெட்டி எடுத்த எதையும் குப்பையில் போடவிடாமல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மேல்சிகிச்சைக்கு வேறிடம் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அந்தச் சதையைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு) ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள நோய்க்குறியியல் மருத்துவர் மறுபடி பார்க்க அவைதான் வேண்டும்.