காஷ்மீர் போகும் முன் சிம் கார்டைப் பாருங்கள்

ஸ்ரீநகருக்கு டிக்கெட் போடுவதற்கு முன் உங்கள் போன் போஸ்ட்பெய்டா என்று பார்த்துவிடுங்கள். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருந்தால் போதும், சமாளித்துவிடலாம்.

தினம் ஒரு ஓட்டல் மாற்றி அலைய வேண்டாம். குல்மார்க் ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், சோனாமார்க் 80. இரண்டையும் காலையில் கிளம்பி இரவுக்குள் பார்த்துத் திரும்பலாம். பஹல்காம் 90 கிலோமீட்டர். அங்கே மட்டும் ஓர் இரவு தங்குங்கள், அங்கே ஓடும் லித்தர் ஆற்றின் சத்தத்துக்காகவே தங்கலாம். ஆனால் ஸ்ரீநகரிலிருந்து அழைத்துப் போகும் வண்டி பஹல்காமைச் சுற்றியுள்ள ஆரு, சந்தன்வாரி பக்கம் போகாது. உள்ளூர் யூனியன் டாக்சிதான் பிடிக்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு சில இடங்களை மூடினார்கள், எது திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

குல்மார்க் கொண்டோலாவுக்கு (கேபிள் கார்) ஆன்லைனில் முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள். இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரம் வரை போகும். மூச்சுத் தொல்லை உள்ள பெரியவர்கள் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

துலிப் தோட்டம் பார்க்க ஆசையா? ஏப்ரல் முதல் பாதிதான் சரி. அப்புறம், திரும்பும்போது விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். அங்கே சோதனைக்கு மேல் சோதனை.