ஆடித் தள்ளுபடியும் ஒட்டுவில்லைக்கு அடியில் இருந்த விலையும்

ஆடித் தள்ளுபடியில் 40 சதவீதம் குறைத்து 3,900 ரூபாய்க்கு வாங்கிய மிக்ஸி, தள்ளுபடியே அறிவிக்காத பக்கத்துத் தெருக் கடையில் 3,600 ரூபாய்க்குக் கிடைத்தது. இதற்குக் காரணம் தேடியதில் பல நாட்கள் வீணாயின. பணம் திரும்பி வந்ததில் நிம்மதி.

"அங்கே இருப்பது வேறு மாடல்" என்றார் நான் வாங்கிய கடையின் மேலாளர். மாடல் எண்ணின் கடைசி எழுத்து மட்டுமே மாறியிருந்தது. அது நிறத்தைக் குறிப்பது என்று தயாரிப்பாளரின் சேவை மையம் தெளிவுபடுத்திய பிறகும் விலைக் குழப்பம் தீரவில்லை. இணைய விலைகளை ஒப்பிட்டதிலும் பயனில்லை, அவை அன்றாடம் மாறின.

விடை அட்டைப்பெட்டியில் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, 6,500 ரூபாய் என்று அச்சிட்ட இடம் மட்டும் சற்றுத் தடித்திருந்தது. முதலில் படம் எடுத்துக்கொண்டு, ஹேர் டிரையர் சூட்டில் ஒட்டுவில்லையைக் கிழியாமல் உரித்தேன். அடியில் தயாரிப்பாளர் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை 4,200 ரூபாய். ஆக, உண்மையான தள்ளுபடி ஏறத்தாழ 7 சதவீதம்தான்.

பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி, விலையைக் குறைப்பதற்கு மட்டுமே ஒட்டுவில்லை ஒட்டலாம். அதுவும் பழைய விலையை மறைக்கக் கூடாது. படங்களையும் ரசீதையும் இணைத்து, 1915 என்ற எண்ணில் இயங்கும் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். வேறு மாடல் என்ற பேச்சை அதன்பின் மேலாளர் எடுக்கவில்லை. மிக்ஸியைப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் கொடுத்துவிட்டார்.