திருநம்பியின் பெட்டி: நம் தாள்களைப் பத்திரப்படுத்துவது எப்படி

முதல் விஷயம், லேமினேஷன் போடாதீர்கள். தஞ்சாவூரில் ஜெராக்ஸ் கடை வைத்து லேமினேஷனிலும் நாலு காசு பார்க்கிறவன் சொல்கிறேன், நம்புங்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து உரிக்க முடியாது. நாளைக்கே ஏதோ ஓர் அலுவலகத்தில் மதிப்பெண் சான்றிதழின் பின்பக்கம் முத்திரை குத்த வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? பெண்ணென்று பதிவாகி ஆணாக வாழும் திருநம்பிகள், பெயரையும் பாலினத்தையும் மாற்ற அலையும் நமக்குத்தான் அந்தத் தேவை அடிக்கடி வரும். நகலுக்கு எத்தனை வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன், மூலத்தை விட்டுவிடுங்கள்.

ஆதார், பான், கெசட் அறிவிப்பு எல்லாவற்றையும் நம் தம்பிகள் ஒழுங்காகத்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். "முதல் ஹார்மோன் ஊசி வாங்கின பில் இருக்கா? டைரி எழுதுறியா?" என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்குண்ணே?" என்கிறார்கள். அவர்களுக்கு ஜேம்ஸ் பேரியைப் பற்றிச் சொல்வேன். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர். 1826-இல் கேப் டவுனில் வயிற்றைக் கிழித்துப் பிரசவம் பார்த்து, தாய், பிள்ளை இரண்டு உயிரையும் காப்பாற்றினார். அந்தக் காலத்தில் அது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆணாக வாழ்ந்து 1865-இல் லண்டனில் இறந்தார். பிணத்தைக் குளிப்பாட்டிய அம்மாள் வெளியே வந்து, அது பெண்ணுடம்பு என்று சொன்ன பேச்சு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை அவரைப் பற்றி எழுதுகிறார்கள். நாம் எழுதி வைக்காவிட்டால், குளிப்பாட்ட வருகிறவர் சொல்வதுதான் நிற்கும்.

சரி, வேலைக்கு வருவோம். மருந்துக்கடை பில், பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு எல்லாம் சூட்டில் அச்சாகிற வழவழ தாள். அதில் மை கிடையாது. ஆறு மாதம் சட்டைப் பையிலோ ஜன்னலோரமோ கிடந்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி வாங்கிய பில், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எதுவானாலும் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றுங்கள், நம் ஊர் ஈரத்துக்கு இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். ரப்பர் பேண்ட் இன்னும் மோசம், உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி நூலால் தளர்வாகக் கட்டினால் போதும். மைதா பசை வைத்து நோட்டில் எதையும் ஒட்டாதீர்கள், பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

பூச்சிக்கு மருந்து எங்கள் ஊரிலேயே இருக்கிறது. சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு நடுவே சிறு துணிப் பொட்டலங்கள் வைப்பார்கள். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இவற்றை இடித்துக் கர்ப்பூரம் சேர்த்துக் கட்டிய பொட்டலம். நானும் பழைய வேட்டியைக் கிழித்து அதே மாதிரி கட்டி வைக்கிறேன். ராமபாணப் பூச்சி அண்டுவதில்லை. வாசனை போனதும் மாற்ற வேண்டும். பெட்டியைப் பரணில் ஏற்றாதீர்கள், வெயில் காலத்தில் அங்கே அடுப்புதான். தரையும் வேண்டாம், கரையான். பீரோவின் நடுத்தட்டு நல்லது.

போட்டோ விஷயத்தில் ஒரு கெஞ்சல். பாவாடை தாவணியில், பூ வைத்து, மஞ்சள் நீராட்டுக்கு எடுத்த போட்டோக்களைக் கிழிக்கத் தோன்றும். கோபம் நியாயமானதுதான். ஆனால் அதை ஓர் உறையில் போட்டு ஒட்டி, மேலே வருடத்தை மட்டும் எழுதித் தள்ளி வையுங்கள். பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. என்னுடைய அப்படிப்பட்ட ஒரு போட்டோவில் வலது ஓரத்தில் என் தாத்தா நிற்கிறார், அவருடைய வேறு படம் எங்கள் வீட்டில் கிடையாது. ஒட்டும் பக்கமுள்ள ஆல்பம் வேண்டாம், படம் மஞ்சளாகி அதிலேயே சிக்கிக்கொள்ளும். பின்பக்கத்தில் பால்பாயிண்டில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். இப்போதைய வழவழப்பான பிரிண்டில் பென்சிலும் பிடிக்காது. ஒரு துண்டுத் தாளில் இடம், வருடம், ஆட்கள் என்று எழுதிப் படத்தோடு வைப்பதே மேல்.

டைரிக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் லூ சல்லிவன் இருக்கிறார். 1951-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் பிறந்து, பத்து வயதில் டைரி தொடங்கிக் கடைசிக் காலம் வரை எழுதியவர். திருநம்பி, ஆண்களை நேசித்தவர். 'ஆண்களைத்தான் பிடிக்கும் என்றால் ஆணாக மாறுவானேன்' என்ற எண்ணத்தில் மருத்துவ மையங்கள் அவரைத் திருப்பி அனுப்பின. 1991-இல் எய்ட்ஸ் நோயால் இறந்தபோது வயது 39. அந்த டைரிகள் சான் பிரான்சிஸ்கோவில் திருநர், ஒருபாலீர்ப்பாளர் போன்ற பால்புதுமையினரின் வரலாற்றுச் சங்கம் ஒன்றில் இருக்கின்றன, அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது, எது சின்ன விஷயம் என்று அவர் பிரித்துப் பார்க்காததுதான். சட்டை, முடிவெட்டு, ஆசை எல்லாம் இருக்கும்.

ஆகவே "இன்று மனம் சரியில்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள், அது எல்லோர் டைரியிலும் இருக்கிறது. எந்தக் கண்டக்டர் "தம்பி, உள்ள போ" என்றார், எந்தச் சலூனில் கேட்காமலே மீசைக்குக் கத்தரி வைத்தார்கள், மார்பை இறுக்கிக் கட்டும் பைண்டரை எத்தனை மணிக்குக் கழற்றினீர்கள், சட்டை தைத்தவர் மார்பளவு எடுக்கும்போது எந்தப் பக்கம் பார்த்தார் என்று எழுதுங்கள். தேதியோடு.

குரலையும் சேர்த்து வையுங்கள். ஊசி தொடங்கப்போகிறவர்கள் முதல் ஊசிக்கு முன்னாலேயே ஒன்று பதிவு செய்ய வேண்டும். அதற்கு அப்புறம் மாதம் ஒன்று, ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகள், அப்போதுதான் மாற்றம் கேட்கும். நான் படித்தது கும்பகோணம் பாசஞ்சரின் நிலையங்கள்: தஞ்சாவூர், திட்டை, பசுபதிகோயில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம், சுந்தரபெருமாள்கோயில், சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணம். ஒரு மாதப் பதிவில் 'பண்டாரவாடை'யின் 'வா'வில் குரல் உடைந்து இரண்டு பேர் பேசுகிற மாதிரி கேட்கும். பின்னால் அம்மா, "யாருடி அது... யாருடா அது" என்று கேட்பதும் பதிவாகியிருக்கிறது. அந்தக் கோப்பை மட்டும் மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

மூன்று இடம் என்பது சும்மா சொல்லவில்லை. மைக்கேல் டில்லன் கதை தெரிந்தால் நீங்களும் வைப்பீர்கள். 1915-இல் லண்டனில் பிறந்தவர். டெஸ்டோஸ்டிரோன் எடுத்து, 1944-இல் பிறப்புப் பதிவைத் திருத்தி, அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்டு, டப்ளினில் மருத்துவம் படித்துக் கப்பல் மருத்துவராக இருந்தார். பிரபுக் குடும்பம். பிரபுக்களின் வம்சாவளியைப் போடும் புத்தகங்கள் அங்கே இரண்டு உண்டு. ஒன்றில் பெயரைத் திருத்தியாயிற்று, இன்னொன்றில் பழைய பெயரே நின்றது. 1958-இல் பத்திரிகைக்காரர்கள் அந்த முரணைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் இந்தியாவுக்கு வந்து பௌத்தராகி, லடாக்கில் ரிசோங் மடத்தில் இருந்து, 1962 மே மாதம் டல்ஹவுசியில் இறந்தார். தன்வரலாற்றை எழுதி முடித்து லண்டன் ஏஜெண்டுக்கு அனுப்பிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அண்ணன் அதை எரித்துவிட வேண்டும் என்றார். ஏஜெண்ட் கொடுக்கவில்லை. 2016-இல் அது புத்தகமாக வந்தது.

இதிலிருந்து இரண்டு வேலை. எந்த ஆவணத்தில் எந்தப் பெயர், எந்தத் தேதியில் மாறியது என்று ஒரே தாளில் அட்டவணை போடுங்கள். பான் மாறி வங்கிக் கணக்கு மாறாமல் இருப்பது, டிசி பழைய பெயரிலேயே இருப்பது, இதெல்லாம் நம் ஊர் வம்சாவளிப் புத்தகங்கள். இரண்டாவது, ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே, ரத்த சம்பந்தம் இல்லாத ஒருவரிடம் இருக்கட்டும். பெற்றோரோடு இருப்பவர்கள் மூலத்தையே வெளியே வைப்பது நல்லது. குடும்பத்தில் எல்லோருக்கும் பொதுவான மெயிலில் போனை இணைத்திருந்தால் முதலில் அதைப் பிரித்துவிடுங்கள். 'இதே நாளில்' என்று போட்டோ ஆப் பழைய படத்தைத் தூக்கிப் போடும்போது அப்பா கையில் டேப்லெட் இருக்கும்.

மற்றவர்களின் பெயரில் கவனம் வேண்டும். உங்கள் டைரி கைமாறினால் அடி வாங்கப்போவது உங்கள் தோழனாகவும் இருக்கலாம். முதலெழுத்து மட்டும் போடுங்கள், யார் யார் என்ற பட்டியல் வேறு இடத்தில் இருக்கட்டும்.

எரிக்கவும் உரிமை உண்டு. அமெரிக்கத் திருநம்பி மருத்துவர் ஆலன் ஹார்ட், எக்ஸ்ரேயால் காசநோயைக் கண்டுபிடிப்பதில் முன்னோடி, தன் கடிதங்களையும் படங்களையும் இறந்த பின் அழிக்கச் சொல்லிவிட்டு 1962-இல் போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் 1920-இல் மருத்துவர் ஒருவர் ஹார்ட்டின் பெயரைப் போடாமல் அவரைப் பற்றி எழுதிய கட்டுரை மிஞ்சியது, 1976-இல் ஒரு வரலாற்றாசிரியர் அதை வைத்து அவரைப் பெண்ணை நேசித்த பெண்ணாக்கிவிட்டார். எரிப்பதானால் அதையும் யோசித்து எரியுங்கள்.

பெட்டி யாருக்கு என்று உயில் எழுதுங்கள். வெள்ளைத் தாள் போதும், உங்கள் கையெழுத்தோடு இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. பெட்டி போகிறவர் சாட்சியாக வேண்டாம். எந்த உடையில், எந்தப் பெயரில் வழியனுப்ப வேண்டும் என்பதையும் ஒரு வரி சேருங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்காவிட்டாலும், சண்டை வரும்போது நண்பன் கையில் ஒரு தாள் இருக்கும்.

கொடுக்க ஆள் இல்லை என்றால் பெங்களூருவில், தேசிய சட்டப் பள்ளியில், கம்ரா என்ற பால்புதுமையினர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. கொடுக்கும் முன் கேளுங்கள்: எத்தனை வருடம் மூடி வைப்பீர்கள், யாருக்குக் காட்டுவீர்கள், திரும்பக் கேட்டால் தருவீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். என் பெட்டியில் ஒரே ஓர் உறைக்குத்தான் நான் தனி நிபந்தனை போட்டிருக்கிறேன், என் அக்கா உயிரோடு இருக்கும்வரை திறக்கக் கூடாது. அவள் கல்யாணத்தில் அவள் போட்ட சண்டை முழுக்க அதில் இருக்கிறது.