பழைய ருமேனிய பிளவுஸ்: வயதை உள்பக்கம் சொல்லும்

புக்கரெஸ்ட் பழைய சாமான் சந்தையில் எந்தப் பூவேலை பிளவுஸைத் தொட்டாலும் "பாட்டி காலத்தது, நூறு வருஷம்" என்பார்கள். பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. நான் கையில் வாங்கியதும் திருப்பிப் போட்டுவிடுவேன். பூவேலையைப் பார்ப்பது அப்புறம்தான்.

முதலில் வெட்டு. வீட்டுத் தறியில் நெய்த துணிக்கு அகலம் குறைவு, அதை வெட்டி வீணாக்க யாருக்கும் மனசு வராது. அதனால் கிராமத்து 'இயே' (இந்தப் பூவேலை பிளவுஸின் ருமேனியப் பெயர்) முழுக்க நேர்த் துண்டுகளால் ஆனது. அக்குளில் சின்னச் சதுரத் துண்டு ஒன்று, கழுத்தைச் சுற்றி நூல் கோத்து இழுத்த சுருக்கம். தையலுக்குள் துணியின் கரை அப்படியே தெரிந்தால் நல்ல அறிகுறி. வளைத்து வெட்டிய ஆர்ம்ஹோல், டார்ட் (உடம்புக்கு ஒட்ட மடித்துத் தைப்பது), ஜிப் இருந்தால் நகரத்துத் தையல். பாவாடைக்குள் மறையும் கீழ்ப்பகுதி மட்டும் முரட்டுத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தால் எனக்கு ஏக சந்தோஷம். கடைக்குத் தைப்பவர் அப்படிச் செய்ய மாட்டார்.

சரி, இப்போது கை. தோளுக்குக் கீழே அடர்த்தியான பட்டை (இதுதான் அல்திட்ஸா), அதற்கடியில் பெரும்பாலும் ஒரே நிறத்தில் ஒரு குறுகிய பட்டை, பிறகு மணிக்கட்டு வரை நேராகவோ சாய்வாகவோ இறங்கும் வரிசைகள். அல்திட்ஸா பிளவுஸுக்கு 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. எல்லா ஊரிலும் இதே அமைப்பு இருக்காது. சிபியு நகரத்துப் பக்கத்தில் வெள்ளையில் கறுப்பு வேலைதான் அடையாளம்.

பின்பக்கம் முழுக்க ஒரே வெள்ளை நூல் ஓடினால் மெஷின் வேலை. ஆனால் கையால் செய்ததெல்லாம் பழையது இல்லை. கம்யூனிஸ்ட் ஆட்சியில் கூட்டுறவுகள் ஆலைத் துணியில் கையாலேயே பூவேலை செய்து ஏற்றுமதி செய்தன. லேபிளில் ஆர்.பி.ஆர். என்று நாட்டின் அப்போதைய பெயர்ச் சுருக்கம் இருந்தால் 1947 முதல் 1965 வரை, ஆர்.எஸ்.ஆர். என்றால் 1965 முதல் 1989 வரை. 70களின் ஹிப்பி மோகத்தில் இந்தியாவில் மெல்லிய பருத்தியில் தைத்துப் போனவையும் இந்தக் குவியல்களில் கிடைக்கும். அழகானவைதான், ஆனால் ருமேனியா இல்லை.

பலரை ஏமாற்றுவது ஒட்டு வேலை. நைந்த பிளவுஸிலிருந்து அல்திட்ஸாவை வெட்டியெடுத்துப் புதுத் துணியில் தைத்துவிடுவார்கள். பட்டைக்கு அடியில் உள்ள துணியும் உடம்புத் துணியும் நெசவிலோ பழுப்பிலோ வேறுபடுகிறதா என்று பாருங்கள். பூவேலைக்கு ஒரு வயது, பிளவுஸுக்கு ஒரு வயது என்றால் விலையைப் பேசலாம்.

தையலிலிருந்து ஒரு இழையை எடுத்துக் கொளுத்தினால் பருத்தி சாம்பலாகும். உருகி உருண்டை கட்டினால் பாலியெஸ்டர், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது (பின்னாளில் பழுது பார்த்த இடமாகவும் இருக்கலாம்). புதுத் துணியைக் காட்டிக்கொடுக்கும் என்று புற ஊதா டார்ச்சை அதிகம் நம்பாதீர்கள்: இன்றைய சோப்புத்தூளில் ஒருமுறை துவைத்தாலே பழந்துணியும் நீலமாக மின்னும். சமிக்கி இருந்தால் தண்ணீர் காட்டாதீர்கள். 1930களில் ஜெலட்டின் சமிக்கி புழக்கத்தில் இருந்தது, அது கரைந்துவிடும்.

ஆன்லைனில் வாங்குவதானால் நாலு படம் கேளுங்கள்: அல்திட்ஸாவின் பின்பக்கம், அக்குள், கழுத்துச் சுருக்கத்தின் உள்பக்கம், கீழ் ஓரம். பொம்மைக்கு மாட்டிய படம் எத்தனை அனுப்பினாலும் நான் பணம் அனுப்புவதில்லை.