வலசைப் பறவைத் தொடர்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்துக்கு வடக்கே, தெலுக் ஆயர் தாவார் முதல் கோலா மூடா வரையுள்ள சேற்றுக் கரைக்கு ஆண்டுதோறும் உள்ளான்களும் மூக்கன்களும் வலசை வருகின்றன. இவை எந்த நிலத்தில் குஞ்சு பொரித்தவை, அங்கே அக்கம்பக்கத்தில் கூடு கட்டியவை குளிர்காலத்திலும் சேர்ந்தே இருக்கின்றனவா என்று அறிவதே தொடர்பு ஆய்வு. பினாங்கில் இதில் ஈடுபடும் நம் மாணவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இறகைத்தான்.

மழைநீரில் உள்ள டியூட்டீரியத்தின் (எடை கூடிய ஹைட்ரஜனின்) அளவு வடக்கே போகப் போகப் பொதுவாகக் குறைகிறது. அந்த அளவு உணவின் வழியே இறகில் பதிகிறது. வளர்ந்து முடிந்த இறகில் பின்னர் அது மாறுவதில்லை. ஆகவே இறகு தான் முளைத்த இடத்தையே காட்டும். முதிர்ந்த கரைப்பறவைகள் பலவும் குளிர்கால வாழிடத்துக்கு வந்த பின்னரே பறக்கும் இறகுகளை உதிர்த்துப் புதுப்பிக்கின்றன என்பதை மறந்து, பிப்ரவரியில் இங்கே பிடித்த முதிர்ந்த உள்ளானின் புது இறகில் சைபீரியாவைத் தேடுவது வீண் வேலை. அதே கரைக்கு அக்டோபரில் வரும் இளம் பறவையோ பிறந்த நிலத்தில் முளைத்த இறகுகளையே இன்னும் சுமந்திருக்கும். கடல் உணவு மழைநீரின் கணக்குக்குள் வராது என்பதால், சேற்றுப் புழுவும் நண்டும் தின்று வளர்ந்த இறகுக்கு மழைநீரின் டியூட்டீரிய அளவைக் காட்டும் வரைபடத்தைப் பொருத்தவும் கூடாது. வயதும், எந்த இறகு என்பதும் குறிக்கப்படாத மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமலிருப்பதே நல்லது.

பறவையின் உடலில் பொருத்தப்பட்டுப் பகலொளியைப் பதிவு செய்யும் சிறு கருவிகள் தீர்க்கரேகையை ஓரளவு நன்றாகவே தருகின்றன. ஆனால் மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களையொட்டி, பகல் நீளத்தைக் கொண்டு செய்யும் அட்சரேகைக் கணிப்பு நம்பத்தகாததாகிவிடும்; நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள பினாங்கில் பகல் நீளம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறாததால் மற்ற மாதங்களிலும் எச்சரிக்கை தேவை. மேலும், கருவியைத் திரும்பப் பெறப் பறவையை மீண்டும் பிடிக்க வேண்டும்; உயிர் பிழைத்து அதே கரைக்குத் திரும்பியவை மட்டுமே கணக்கில் சேரும்.

பிடித்த இடத்தைக் காட்டப் பறவையின் காலில் பொருத்தும் நிறக் கொடிகளைப் பார்ப்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பொருத்தும் ஆரஞ்சுக் கொடி ஒரு கரையில் தென்படவில்லை என்றால், அங்கே தொலைநோக்கியுடன் ஆள் இருந்தாரா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

ஒரே இடத்தில் குறியிட்ட சில பறவைகளை வைத்து இனம் முழுவதற்கும் கோடு வரைவதுதான் இவற்றுள் பெரிய தவறு. பட்டைவால் மூக்கன்களில் அலாஸ்காவில் குஞ்சு பொரிப்பவை நியூசிலாந்துக்கும் கிழக்கு ஆஸ்திரேலியாவுக்கும் செல்கின்றன. வட சைபீரியாவின் ஒரு கிளையினம் வடமேற்கு ஆஸ்திரேலியாவுக்குச் செல்கிறது. வடக்கு நோக்கித் திரும்பும்போது இரண்டும் சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடலின் கரைகளில் தங்கி இரை தேடுவதால், அங்கே மட்டும் பார்ப்பவருக்கு அவை ஒரே கூட்டமாகத் தோன்றும். பயணத்தின் இரு முனைகளிலும் குறியிட்டால்தான் பிரிவு தெரியும்.