பிரவுசரின் மேலே இருக்கும் லிங்க்கை எடுத்துப் போடாதீர்கள்

போன வாரம் 2 முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டைப் பார்த்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். கடைசிப் பக்கங்களில் இருந்த துணைநூற்பட்டியலைப் புரட்டியதும் என் பழைய பாவங்கள் எல்லாம் கண்முன் வந்து நின்றன. காற்புள்ளி, சாய்வெழுத்து சங்கதிகளைக் கையேட்டைப் பார்த்து நீங்களே சரிசெய்துகொள்வீர்கள். நூலகத் தரவுதளங்களில் எடுத்த கட்டுரைகளில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம்.

செத்துப்போகும் லிங்க்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எப்ஸ்கோ போன்ற தரவுதளத்தில் ஒரு கட்டுரையைத் திறந்தால் மேலே நீளமாக ஒரு முகவரி ஓடும். பல நேரம் அது பஸ் டிக்கெட் மாதிரி, அந்த ஒரு பயணத்துக்குத்தான் செல்லும். வெளியே வந்துவிட்டால் தீர்ந்தது. வீட்டிலிருந்து கல்லூரி லாகின் வழியாகப் போனீர்களா, இன்னும் மோசம். நடுவில் கல்லூரியின் பிராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) பெயர் ஒட்டிக்கொண்டுவரும். அந்தக் கல்லூரியின் பாஸ்வேர்டு இல்லாதவர்களுக்குத் திறக்காது.

என் ஆய்வேட்டில் நான் 30 சொச்சம் கட்டுரைகளுக்கு இப்படித்தான் ஒட்டிவைத்தேன். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வந்த வெளித்தேர்வாளர் லேப்டாப்பில் ஒன்றை அழுத்தினார். லாகின் பக்கம். இன்னொன்று, 'நேரம் முடிந்துவிட்டது'. மூன்றாவதோடு நிறுத்திவிட்டு, "இதையெல்லாம் படித்தீர்களா?" என்று கேட்டார். படித்திருந்தேன்! ஆனால் எதைக் காட்டி நம்பவைப்பது? திருத்தி, மறுபடி பைண்டிங் போட்டுக் கொடுக்க 3 வாரம் ஆனது. தலைப்பை அரைகுறையாகக் குறித்துவைத்திருந்ததால் 2 கட்டுரைகள் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

முதலில் டிஓஐ (DOI) எண்ணைத் தேடுங்கள். கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாள எண் அது. 10 என்று தொடங்கி, புள்ளி, சில எண்கள், சாய்கோடு என்று போகும். பெரும்பாலும் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கும். இதழ் கைமாறினாலும் அந்த எண் மாறாது. பதிப்பகம் புது முகவரியைப் பதிவுசெய்துவிட்டால் லிங்க் அங்கே கொண்டுபோய்விடும். கண்ணில் படவில்லையா, டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் தலைப்பைப் போட்டுத் தேடுங்கள்.

சரி, டிஓஐயே இல்லாத பழைய கட்டுரை என்றால்? எம்எல்ஏ நடையில் (சட்டமன்ற உறுப்பினர் இல்லை, துணைநூற்பட்டியல் எழுதும் ஒரு முறை!) எழுதுபவர்கள் தரவுதளமே தரும் பெர்மாலிங்க்கை, அதாவது மாறாத முகவரியைப் போடலாம், ஜேஸ்டோர் தரவுதளத்தில் அதை 'ஸ்டேபிள்' முகவரி என்பார்கள். ஏபிஏ என்பது இன்னொரு முறை. 2019இல் வந்த அதன் கையேட்டின் 7ஆம் பதிப்பின்படி பொதுவான தரவுதளக் கட்டுரைக்கு லிங்க்கே வேண்டாம். அச்சு இதழுக்குத் தருவதுபோலத் தொகுதி, இதழ், பக்க எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தரவுதளத்தின் பெயர்

எம்எல்ஏவில் வேண்டும். ஏபிஏவில் பெரும்பாலும் வேண்டாம்.

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முழுக் கட்டுரையைக் காட்டுவது

கூடாது. வைவாவில் மாட்டுவீர்கள்.

'சைட்' பட்டன்

தரவுதளத்தில் இதை அழுத்தினால் பட்டியலுக்கான குறிப்பைத் தானே எழுதித் தரும். பாதி வேலையை முடித்துக்கொடுக்கும், மீதியைக் கெடுக்கும். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் வந்து விழும். நம் ஊர்ப் பெயர்களில் எது இனிஷியல், எது பெயர் என்று அதற்குப் புரியாது. ஒரே ஆசிரியர் ஓரிடத்தில் சொந்தப் பெயரிலும் இன்னோரிடத்தில் அப்பா பெயரிலும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிடிஎஃப்பின் முதல் பக்கத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சரிபாருங்கள்.