பினாங்கு வெக்கையில் ஒரு வீட்டு இருட்டறை

படம் கழுவுவது என்று நாம் சொல்கிறோம்; மலாய்க்காரர்களும் ‘சூச்சி காம்பார்’ என்று அதே பொருளில்தான் சொல்கிறார்கள். பினாங்கில் வீட்டிலேயே கறுப்பு வெள்ளைப் படம் கழுவ விரும்புகிறவருக்கு முதல் சிக்கலும் கழுவும் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறது. படத்தைத் தோன்றவைக்கும் கரைசலான டெவலப்பருக்குச் சொல்லப்படும் கால அளவுகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸுக்கு உரியவை. நம் குழாயில் வருவதோ 28 பாகையை ஒட்டியே இருக்கும். ஆகவே இங்கே மேசையோ தட்டோ காற்றாடியோ எதைச் செய்தாலும் வெக்கையைக் கணக்கில் வைத்தே செய்ய வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் சமையலறையை ஒட்டி இருக்கும் ஸ்டோர் அறையே இதற்கு ஏற்றது. குளியலறையும் பயன்படும், ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் விரித்துச் சுருட்ட வேண்டியிருப்பதால் ஆர்வம் மூன்றே மாதத்தில் வற்றிவிடும். 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் கிடைத்தால் போதும். ஒரு சுவர் ஓரம் எண்லார்ஜருக்கும் (பிலிமில் உள்ள படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) தாளுக்கும், எதிர்ச்சுவர் ஓரம் கரைசல் தட்டுகளுக்கும் என்று ஒதுக்கிவிட்டு, கதவை மூடிப் பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்திருங்கள். கண் பழகிய பிறகு எங்கெங்கே ஒளி கசிகிறதோ, அங்கெல்லாம் கறுப்பு ஒட்டுநாடா ஒட்டினால் இருட்டு வேலை முடிந்தது.

வெப்பத்துக்கு வருவோம். குளிர்சாதனம் போட்டுக்கூட 20 பாகைக்காகப் போராடுவது வீண் என்பது என் கருத்து. 24 பாகையைத் தேர்ந்துகொண்டு அதை அசையாமல் காப்பாற்றுவதே நல்லது. 20 பாகையில் பத்து நிமிடம் ஆகும் பிலிம் 24 பாகையில் ஏறத்தாழ ஏழு நிமிடத்தில் முடியும். ஐந்து நிமிடத்துக்கும் கீழே இறங்கினால் படத்தில் திட்டுத் திட்டாகக் கறை விழ வாய்ப்புண்டு என்பதால், அப்போது டெவலப்பரை இன்னும் நீர்த்துக் காலத்தை நீட்டிக்கொள்ள வேண்டும். டெவலப்பர் தட்டைவிட அகலமான ஆழத்தட்டு ஒன்றில் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதற்குள் டெவலப்பர் தட்டை நிறுத்துங்கள். அரை லிட்டர் தண்ணீர் உறைந்த பிளாஸ்டிக் புட்டி ஒன்று முழுவதும் உருகும்போது அந்தப் பத்து லிட்டரின் வெப்பத்தை ஏறக்குறைய 5 பாகை குறைத்துவிடும். பனிக்கட்டியை நேரே டெவலப்பரில் போட்டால் அது நீர்த்துப்போகும், புட்டிக்குள்ளேயே இருக்கட்டும். கலந்த கரைசல்களை வைக்க, மீன்காரர்கள் கழித்துப்போடும் பாலிஸ்டிரீன் பெட்டியைவிடச் சிறந்த கருவியை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை, வாடை போகும்வரை நன்றாகக் கழுவினால் சரி.

கரைசல் தட்டுகளை வைக்கும் ஈர மேசையை நானே முதலில் சாதாரண பிளைவுட்டில் செய்தேன். அது ஒரே மழைக்காலத்தில் ஊதிப் பிரிந்துவிட்டது. மரைன் பிளைவுட்டை வெட்டி, படகுகளுக்குப் பூசும் ஃபைபர்கிளாஸ் பிசினை இரண்டு பூச்சுப் பூசினால் பல ஆண்டு தாங்கும். விளிம்பு நான்கு விரல் உயரமும், வடிகால் பக்கமாக மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவும் இருக்கட்டும். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் கரைசல், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ ஆகியவற்றின் மூன்று தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடமில்லாதவர்கள் படிக்கட்டுப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். டெவலப்பர் மேலேயும் ஹைப்போ கீழேயும் இருக்க வேண்டும், ஏனெனில் ஹைப்போ துளி டெவலப்பரில் விழுந்தால் அது கெட்டது.

மூடிய சிறிய அறையில் ஹைப்போவிலிருந்து கந்தக டைஆக்சைடு கிளம்பும் என்பதால் காற்றோட்டத்தில் சிக்கனம் கூடாது. அறையின் காற்று மணிக்குப் பத்து முறையாவது மாற வேண்டும் என்பது வழக்கமான அளவு. மேலே சொன்ன அறை 2.6 மீட்டர் உயரம் இருந்தால் அதன் கொள்ளளவு 7.8 கன மீட்டர். ஆக மணிக்கு 78 கன மீட்டர். காற்று வழியில் ஒளி நுழையாமல் வைக்கும் ஒளித்தடுப்புப் பெட்டி காற்றையும் ஓரளவு மறிக்கும் என்பதால் அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும் எக்ஸாஸ்ட் காற்றாடியாக வாங்குங்கள். காற்றாடியைத் தலைக்கு மேல் பொருத்தினால் புகை முகத்தைக் கடந்துதான் வெளியேறும். தட்டுகளின் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈர மேசையின் பின்சுவரில் பொருத்தி, எதிர்ப்பக்கக் கதவின் அடியில் காற்று நுழையும் வழி விடுங்கள். இரண்டு வழிகளுக்கும் பிளைவுட் பெட்டி செய்து, உள்ளே மூன்று குறுக்குப் பலகைகளை மாறி மாறி நிறுத்தி, கரும்பலகைப் பெயின்ட் அடித்தால் காற்று வளைந்து போகும், ஒளி போகாது.

எண்லார்ஜரைப் பழைய பொருளாக வாங்குவீர்கள் என்றால் முதலில் வோல்ட் பாருங்கள். ஜப்பானில் விற்கப்பட்டவற்றில் பல 100 வோல்ட்டுக்கு ஆனவை. தூணின் உச்சியைச் சுவரோடு ஒரு கம்பியால் பிணைத்தால் அதிர்வு குறையும். நெகட்டிவ், லென்ஸ், அடிப்பலகை மூன்றும் இணையாக இருக்கின்றனவா என்பதை ரசமட்டத்தால் பார்த்துவிடுங்கள். 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு 50 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டும்; வேலை முடிந்ததும் அதைக் கழற்றி உலர் பெட்டியில் வைக்காவிட்டால் நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஈரக் கையோடு மின்விசையைத் தொடாமல் இருக்க, விசைகள் எல்லாம் உலர்ந்த பக்கத்திலேயே இருக்கட்டும்.

தாளைக் கெடுக்காத மங்கலான ஒளி தரும் பாதுகாப்பு விளக்குக்கு 15 வாட் பல்பும் தாளுக்கு ஏற்ற வடிகட்டியும் போட்டு, தாளிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி வையுங்கள். தாள் ஒன்றுக்கு எண்லார்ஜரில் மெல்லிய சாம்பல் நிறம் வருமளவு ஒளி காட்டி, அதன்மேல் இருபது காசு நாணயத்தை வைத்து ஏழு நிமிடம் விளக்கின் கீழ் விட்டுவிட்டுக் கழுவுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் விளக்கை இன்னும் தள்ளி வைக்க வேண்டும்.

ஹைப்போவின் ஆயுளை வெட்டிய பிலிம் துண்டால் அளக்கலாம்: புதிய கரைசலில் அது கண்ணாடிபோல் தெளிய எடுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆனால் கரைசல் தீர்ந்தது. அதில் வெள்ளி கரைந்திருப்பதால் வடிகாலில் ஊற்றாமல், மூடியுள்ள பிளாஸ்டிக் கலனில் சேர்த்துவைத்து, கழிவு எடுப்பதற்கு உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.